நாடு கலைந்தது, அணி கலையவில்லை: மேற்கிந்தியத் தீவுகளிடம் அரசியல் கற்க என்ன இருக்கிறது?

நெடுங்கரை | ஞாயிறு, இரவு 9:12

நண்பர்களே, ஒரு வாரமாக இரண்டு தேதிகள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இங்கே இறக்கி வைக்கிறேன்.

1962ல் நாரி காண்ட்ராக்டர் தலைமையில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. ஐந்து டெஸ்ட், ஐந்திலும் தோல்வி. பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து பட்டு காண்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களில் எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரலும் ஒருவர். கொல்கத்தாவில் இன்றும் வொரல் பெயரில் வருடா வருடம் ரத்ததானம் நடக்கிறது. இதெல்லாம் இந்த மன்றத்தில் பலமுறை பேசியதுதான். நான் கவனிக்காமல் விட்டது வேறு. அந்தத் தொடர் ஏப்ரலில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் முடிந்தது. அடுத்த மாதம், மே 31 அன்று, மேற்கிந்தியக் கூட்டாட்சி கலைக்கப்பட்டது.

பத்துப் பிரிட்டிஷ் பிரதேசங்கள் சேர்ந்து 1958 ஜனவரி 3 அன்று தொடங்கிய கூட்டாட்சி அது. சுதந்திரம் வாங்கி ஒரே நாடாக எழுந்து நிற்பதுதான் கனவு. நாலரை வருடம்கூட ஓடவில்லை. 1961 செப்டம்பரில் ஜமைக்கா வாக்கெடுப்பு நடத்தி விலகியது. ‘பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம்’ என்று சொல்லி டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸும் கையை உதறினார். ஆக, நம் ஆட்கள் அங்கே போய் இறங்கியபோது அந்த வீட்டில் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. அதே வாரங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே தொப்பி போட்டு, ஐந்துக்கு ஐந்து ஜெயித்தார்கள். அடுத்த வருடம் வொரல் அவர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் 3-1 என்று வென்று திரும்பினார். அப்போது அந்த அணிக்குப் பின்னால் நாடு என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று. கயானா கூட்டாட்சியில் சேரவே இல்லை. ஆனால் அணியில் கயானாவின் ரோஹன் கன்ஹாய் இருந்தார், லான்ஸ் கிப்ஸ் இருந்தார். பார்படாஸின் பிரிஜ்டவுனில் 38 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்து நம்மைச் சுருட்டியது அந்த கிப்ஸ்தான். அரசியல் வரைந்த எல்லையைவிட அணியின் எல்லை அகலமாக இருந்திருக்கிறது.

பிறகு வந்த வேகப்பந்து நால்வரை நினைத்துப் பாருங்கள். ஆண்டி ராபர்ட்ஸ் ஆன்டிகுவா. மைக்கேல் ஹோல்டிங் ஜமைக்கா. ஜோயல் கார்னர் பார்படாஸ். காலின் கிராஃப்ட் கயானா. நாலு கடற்கரையிலிருந்து நாலு பேர். 1980 முதல் 1995 வரை பதினைந்து வருடம் அந்த அணி ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை.

தலைவர்களால் முடியாததை இவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது? அதிலிருந்து அரசியல் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? எனக்கு இருக்கிறது என்றே தோன்றுகிறது. எங்கே என்றுதான் சரியாகப் பிடிபடவில்லை.

கணக்கர் | ஞாயிறு, இரவு 10:40

அண்ணே, உங்கள் மனசு எனக்குத் தெரியும், அதனால் நேராகவே சொல்கிறேன். இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் ரொம்ப லேசாக இருக்கிறது. கிரிக்கெட் அணி யாரிடமும் வரி வாங்குவதில்லை. யாருக்கும் வேலை தருவதில்லை. ஒரு தீவின் தொழிற்சாலையை மூடி இன்னொரு தீவில் திறப்பதில்லை.

கூட்டாட்சி எதில் உடைந்தது என்று பாருங்கள். நாடாளுமன்றத்தில் 45 இடம். ஜமைக்காவுக்கு 17, டிரினிடாடுக்கு 10, பார்படாஸுக்கு 5, மற்ற ஆறு சின்னத் தீவுகளுக்குத் தலா 2, மான்செராட்டுக்கு 1. மொத்த மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஜமைக்காவில் இருந்தது, இடத்தில் பாதி கிடைக்கவில்லை. கூட்டாட்சிச் செலவிலோ பெரும்பங்கு ஜமைக்காவும் டிரினிடாடும்தான் சுமந்தன. முதல் ஐந்து வருடம் மத்திய அரசுக்கு வருமான வரி போடும் அதிகாரமே இல்லை. உறுப்பினர்கள் அளந்து கொடுக்கும் பணத்தில் குடும்பம் நடத்த வேண்டும். அப்படி ஒரு அரசாங்கத்துக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

அடுத்து, ஆட்கள் போய்வருவது. டிரினிடாடில் எண்ணெய் இருந்தது, வேலை இருந்தது. தடையில்லாமல் வரலாம் என்றால் சின்னத் தீவுகள் அத்தனையும் வந்து இறங்கிவிடும் என்று டிரினிடாட் பயந்தது. ஜமைக்கா தன் புதுத் தொழில்களைக் காக்கச் சுங்கம் வேண்டும் என்றது. இந்தச் சண்டைகளை எந்த வேகப்பந்து வீச்சாளரும் தீர்க்க முடியாது.

தலைவர்களையும் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் நார்மன் மான்லி, டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸ், அந்த இரண்டு பெரிய ஆட்களும் கூட்டாட்சித் தேர்தலில் நிற்கவே இல்லை. சொந்தத் தீவிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பார்படாஸின் கிராண்ட்லி ஆடம்ஸ் பிரதமரானார். நல்ல ஆட்டக்காரர் இருவர் வீட்டில் இருக்க, மீதிப் பேரைக் களத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இளம்பரிதி | ஞாயிறு, இரவு 11:05

நெடுங்கரை அண்ணா, நான் பார்த்து வளர்ந்த வெஸ்ட் இண்டீஸ் வேறு. 2023ல் ஸ்காட்லாந்திடம் தோற்று உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னுக்கு ஆல் அவுட். நடுவில் 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஷமார் ஜோசப் காயம்பட்ட கால்விரலோடு 7 விக்கெட் எடுத்து 8 ரன்னில் ஜெயித்துக் கொடுத்தபோது நானும் அழுதேன், அது வேறு விஷயம். ஒற்றுமைதான் ரகசியம் என்றால் இப்போதும் அதே தீவுகள்தானே ஒன்றாக ஆடுகின்றன?

இன்னொரு சிக்கலும் வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு. ஒலிம்பிக்கில் நாட்டுக்கு ஒரு கமிட்டி. வெஸ்ட் இண்டீஸ் என்ற பெயரில் உள்ளே போக வழி இல்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் பார்படாஸும் ஜமைக்காவும் ஆன்டிகுவாவும் தனித்தனியாகத்தான் ஆடின.

நெடுங்கரை | திங்கள், காலை 6:30

இளம்பரிதி, நல்ல இடத்தைத் தொட்டாய் தம்பி. ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தடவை அவர்கள் ஒன்றாகப் போயிருக்கிறார்கள். 1960 ரோம். கூட்டாட்சி உயிரோடு இருந்த காலத்தில் வந்த ஒரே ஒலிம்பிக். இரண்டு வெண்கலம். 800 மீட்டரில் ஜார்ஜ் கெர், அப்புறம் 4x400 மீட்டர் தொடரோட்டம். ஓடிய நால்வரில் மூன்று பேர் ஜமைக்கா, ஒருவர் பார்படாஸ். அந்தக் கொடி அடுத்த ஒலிம்பிக்கைப் பார்க்கவில்லை.

கணக்கரே, நீங்கள் சொன்ன வரி, இடம், வேலை எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அணிக்குள் சண்டை இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. 1992 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறவெறிக்காகப் போட்ட தடை நீங்கி தென்னாப்பிரிக்கா ஆடிய முதல் டெஸ்ட், பிரிஜ்டவுனில். உள்ளூர்ப் பையன் ஆண்டர்சன் கம்மின்ஸை எடுக்கவில்லை என்று பார்படாஸ் மக்கள் மைதானத்துக்கே வரவில்லை. வெறிச்சோடிய மைதானம். கடைசி நாள் காலையில் 2 விக்கெட்டுக்கு 122 என்று இருந்த தென்னாப்பிரிக்காவை ஆன்டிகுவாவின் அம்ப்ரோஸும் ஜமைக்காவின் வால்ஷும் சேர்ந்து 148ல் முடித்தார்கள். அவ்வளவு பெரிய வெற்றிக்குக் கைதட்ட ஊரார் இல்லை. அந்தக் கோபம் அப்படிப்பட்டது. இருந்தும் பார்படாஸ் வெளியேறவில்லை.

ஏன் வெளியேறவில்லை? பாசம் மட்டும் காரணம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். தனியாக நிற்க முடியுமா என்று பார்படாஸ் ஒருமுறை முயன்று பார்த்தது. சுதந்திரம் வாங்கிய கையோடு 1967ல் உலக அணியைக் கூப்பிட்டு ஆடினார்கள். சோபர்ஸ் பிறந்த மண். தோற்றார்கள். உலக அரங்கில் டெஸ்ட் ஆட அவர்களுக்கு இருந்த ஒரே கதவு மேற்கிந்திய அணியின் மெரூன் தொப்பிதான். கூட்டாட்சியிலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கதவு திறந்திருந்தது. ஜமைக்கா தனியாகப் போனால் 1962 ஆகஸ்ட் 6 அன்று சுதந்திரம். டிரினிடாடுக்கு அதே மாதம் 31. காத்திருக்க என்ன அவசியம்?

அதோடு, கேப்டன் விஷயம். 1960 வரை ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பினக் கேப்டனை நியமித்ததே இல்லை. 1948ல் கறுப்பின ஆட்டக்காரர் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வொரல் போன்ற ஒருவர் இருக்கும்போதே வெள்ளையருக்குத்தான் பதவி. டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் எழுதி எழுதித்தான் அது மாறியது. தகுதிதான் அளவுகோல் என்று ஆனபிறகே எல்லாத் தீவும் அதைத் தன் அணி என்று நம்பியது. பெரிய தீவு, சின்னத் தீவு என்று பார்த்திருந்தால் அறுபதாயிரம் பேர் சொச்சம் வாழ்ந்த ஆன்டிகுவாவிலிருந்து விவியன் ரிச்சர்ட்ஸ் கேப்டனாகியிருக்க முடியுமா?

கப்பல்காரர் | திங்கள், பிற்பகல் 2:18

நான் இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை. கிங்ஸ்டன், போர்ட் ஆஃப் ஸ்பெயின், ஜார்ஜ்டவுன் மூன்றும் தெரியும். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும், ஆனால் கிங்ஸ்டனுக்கும் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் நடுவே 1,800 கிலோமீட்டர் கடல். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் தூரம். இதை மறந்துவிட்டு அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

‘ஸ்மால் ஐலண்டர்’ என்று ஒரு சொல் அங்கே புழங்கும். பெரிய தீவுக்காரர் சின்னத் தீவுக்காரரைத் தாழ்த்திச் சொல்வது. துறைமுகத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அதே ஆள், டீக்கடை மாதிரி இருக்கும் அவர்கள் ரம் கடையில் உட்கார்ந்துவிட்டால், ‘நாம் 1976ல் இங்கிலாந்தை என்ன செய்தோம் தெரியுமா’ என்பார். ‘நாம்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வேறு எந்தப் பேச்சிலும் அவர் வாயில் அது வராது.

2007 உலகக் கோப்பையின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். போட்டிக்காகக் கரீபியன் சமூகம் என்ற கூட்டமைப்பின் நாடுகள் பத்து சேர்ந்து பிப்ரவரி முதல் மே பாதி வரை தங்கள் எல்லைகளை ஒன்றாக்கின. ஒரே விசா. ஒரு தீவில் குடியேற்றச் சோதனை முடிந்தால் மற்ற ஒன்பதுக்கும் அதுவே போதும். போலீஸும் சுங்கமும் தகவலைப் பகிர்ந்துகொண்டன. பத்து நாடாளுமன்றங்களில் அதற்காகச் சட்டம் போட்டார்கள். கூட்டாட்சியால் தீர்க்க முடியாமல் போன ஆட்கள் போக்குவரத்துப் பிரச்சினையை ஒரு விளையாட்டுக்காக மூன்று மாதம் தீர்த்து வைத்தார்கள்! நாள் முடிந்ததும் பழையபடி எல்லாம் தனித்தனி. எங்கள் கப்பலில் இருந்த டிரினிடாட் சமையற்காரர் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார். வெளியூர் ரசிகனுக்குத் திறந்த கதவை எங்களுக்கு ஏன் திறந்தே வைக்கவில்லை என்று கேட்பார்.

கயானாவைப் பற்றி ஒரு வார்த்தை. மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களின் வம்சம் அங்கே உண்டு. ‘மதராசி’ என்றே பெயர். மாரியம்மன் பூசை இன்றும் நடக்கிறது. அந்த நாட்டின் அரசியல் இந்திய வம்சாவளி ஒரு கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளி ஒரு கட்சி என்று பிளந்தது. அறுபதுகளில் ரத்தமே சிந்தியது. அதே மண்ணில் கன்ஹாய்க்கும் கிளைவ் லாயிடுக்கும் சேர்த்தே கைதட்டினார்கள். பின்னால் வந்த சந்தர்பால் பிறந்த கிராமத்தின் பெயர் ‘யூனிட்டி’. ஒற்றுமை என்றே ஊருக்குப் பெயர். 164 டெஸ்ட் ஆடினார் அவர்.

லாகன் ஆற்றங்கரை | திங்கள், இரவு 11:50

நைட் டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நர்ஸாக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: கால்பந்தில் அயர்லாந்துக்கு இரண்டு அணி, ரக்பியில் ஒரே அணி. வார்டில் ஒரு பக்கம் தன்னை பிரிட்டிஷ்காரர் என்று சொல்கிற பெரியவர், எதிர்ப் படுக்கையில் தன்னை ஐரிஷ்காரர் என்று சொல்கிற பெரியவர். ரக்பி நாளில் இருவருக்கும் ஒரே டிவி, ஒரே அணி.

ரக்பி சங்கம் 1879லேயே ஒன்றாக அமைந்துவிட்டது. 1920களில் தீவு, பிரிட்டனோடு நின்ற வடக்கு, பிரிந்துபோன தெற்கு என்று இரண்டானபோது அவர்கள் பிரிய மறுத்தார்கள். ஆனால் இது சும்மா நின்றதாக நினைக்காதீர்கள், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசி அமைத்திருக்கிறார்கள். பாட்டைப் பாருங்கள். தெற்கின் தேசிய கீதத்தை வடக்கத்தி வீரர் தன் கீதமாக எப்படிப் பாடுவார்? 1995ல் இருவருக்கும் பொதுவாகப் புதிதாக ஒரு பாட்டு எழுதி வாங்கினார்கள். டப்ளினில் ஆடினால் தேசிய கீதமும் உண்டு, பொதுப் பாட்டும் உண்டு. வெளிநாட்டில் பொதுப் பாட்டு மட்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்த ஏற்பாடு. முழுத் திருப்தி யாருக்கும் இல்லை என்று எங்கள் வார்டு பெரியவர்களே சொல்வார்கள், ஆனாலும் எழுந்து நிற்பார்கள்.

வடக்கில் இரு தரப்பும் மோதிக்கொண்ட கலவரக் காலத்தில் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1972ல் பயந்து ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வரவில்லை. அடுத்த வருடம் இங்கிலாந்து வந்தது, தோற்றது, டப்ளின் மக்கள் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள். 1987ல் முதல் உலகக் கோப்பைக்கு முன்னால் வடக்கிலிருந்து மூன்று வீரர்கள் பயிற்சிக்காக டப்ளினுக்கு காரில் போனார்கள். எல்லையருகே ஒரு நீதிபதியையும் அவர் மனைவியையும் கொன்ற குண்டில் இவர்களும் சிக்கினார்கள். நைஜல் கார் என்ற வீரர் அதன்பிறகு ஆடவே முடியவில்லை. அப்போதுகூட அணி பிரியவில்லை.

கணக்கர் ஐயா சொன்னதற்கு என் பதில்: ரக்பி சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. 1998 சமாதான ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது பல வருடப் பேச்சுவார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடக்கிற சில வேலைகளைப் பார்க்கும்போது எனக்கு ரக்பி ஞாபகம் வருகிறது. 2007 முதல் மின்சாரச் சந்தை தீவு முழுவதுக்கும் ஒன்று. பெல்ஃபாஸ்டில் பிறக்கிற குழந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை என்றால் டப்ளினுக்கு அனுப்புகிறோம். இரண்டு அரசாங்கம், இரண்டு பணம், இரண்டு சுகாதாரத் துறை. குழந்தையை அனுப்பும்போது எந்தக் கொடி என்று யாரும் கேட்பதில்லை. எங்கே வேலை பிரிகிறதோ அங்கே தனியாக, எங்கே சேர்ந்தால்தான் முடியுமோ அங்கே சேர்ந்து. ஆம்புலன்ஸில் ஒருமுறை அப்படி ஒரு குழந்தையோடு போயிருக்கிறேன். எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை, சாலைப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தபோதுதான் தெரிந்தது.

மணி அடிக்கிறது, போகிறேன்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8:00

இழை நன்றாகப் போகிறது. இந்தியா-பாகிஸ்தான் பக்கம் திருப்பிய மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

பூங்குழலி | செவ்வாய், மதியம் 1:25

ஒரகடம் பக்கம் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எனவே 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கை நான் சொல்லியாக வேண்டும். இரண்டு கொரியாவும் சேர்ந்து பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அமைத்தார்கள். அது வென்ற கதை இல்லை. ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி, மொத்தமே இரண்டு கோல். சுவிட்சர்லாந்திடம் 0-8, சுவீடனிடம் 0-8.

முடிவு செய்தது ஜனவரி நடுவில். முதல் ஆட்டம் பிப்ரவரி 10. தென்கொரியாவின் 23 பேரோடு வடக்கிலிருந்து 12 பேர் வந்து சேர்ந்தார்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது மூன்று வடகொரியர்கள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. வருடக்கணக்கில் உழைத்த தென்கொரியப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. சியோலில் இளைஞர்கள் கொதித்தார்கள், அரசியல்வாதியின் புகைப்படத்துக்காக எங்கள் இடத்தைப் பறிப்பதா என்று. அந்தக் கோபம் நியாயமானது. வேலையிடத்தில் மேலே இருப்பவர்கள் முடிவெடுத்துக் கீழே இருப்பவர்கள் தலையில் கட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் உள்ளே நடந்த ஒன்று என் தொழிலோடு ஒட்டியது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் ஒரே மொழி, ஆட்டத்தில் மட்டும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. தெற்கில் ஆங்கிலச் சொல்லைக் கொரிய உச்சரிப்பில் சொல்வார்கள்: ‘பேஸு’, அதாவது பாஸ். வடக்கில் அதற்கு ‘யொல்லாக்’, தொடர்பு என்று பொருள். விங்கர் என்றால் வடக்கில் ‘நல்கேசு’, சிறகுக்காரர் மாதிரி. எழுபது வருடம் தனித்தனியாக வாழ்ந்ததன் பலன் அது. பயிற்சியாளர் சாரா மரே கனடாவில் பிறந்தவர், அவர் பேசுவது ஆங்கிலம். ஆக மூன்று வழக்கு. முதலில் செய்த வேலை, சொற்பட்டியல் ஒன்று தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தது. இவர்கள் சொல் இடப்பக்கம், அவர்கள் சொல் வலப்பக்கம். தங்குமிடம் தனித்தனி, சாப்பாட்டு மேசை ஒன்று.

1991ல் ஜப்பானின் சிபாவில் நடந்த உலக டேபிள் டென்னிஸில் இதே இரு கொரியா ஒன்றாக ஆடி, பெண்கள் பிரிவில் சீனாவையே வென்று தங்கம் வாங்கியது. தெற்கின் ஹியூன் ஜங்-ஹ்வா, வடக்கின் ரி புன்-ஹுய். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்கு ஒன்றாகப் பயிற்சி செய்யப் பல வாரம் கிடைத்தது.

அரசியல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2018 ஏப்ரலில் இரு தலைவர்களும் பன்முன்ஜோமில் கைகோத்து எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். 2020 ஜூனில் கேசோங்கில் இருந்த இருதரப்புத் தொடர்பு அலுவலகத்தை வடகொரியா குண்டு வைத்துத் தகர்த்தது. எனவே அணியைக் காட்டி நாட்டைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்குத் தயக்கம். அந்தச் சொற்பட்டியலைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

தென்மராட்சியான் | செவ்வாய், இரவு 8:47

பூங்குழலி சொன்ன தயக்கம் எனக்கும் இருக்கு. என்ர கதையைச் சொன்னால் ஏன் எண்டு விளங்கும்.

95 ஒக்ரோபர் கடைசியில யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஒரே இரவில இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. எங்கட வீட்டில நாலு குடும்பம். கரண்ட் இல்லை, பற்றறி வாங்கேலாது. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட காலம். 96 உலகக் கிண்ணத்தை அப்பிடித்தான் கேட்டனாங்கள். கொழும்பில மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியாவும் விளையாட வரமாட்டம் எண்டு நிண்டினம். அப்ப இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாய்ச் சேர்ந்து கொழும்புக்கு வந்து இலங்கையோட ஒரு ஆட்டம் ஆடினது. அசாருதீன் கப்டன். களுவிதாரண அடிச்ச பந்தை டெண்டுல்கர் பிடிக்க, பந்து போட்டது வசிம் அக்ரம். ரேடியோவில அதைக் கேட்டு அப்பா பெடலை விட்டிட்டார், சத்தம் நிண்டு போச்சு. அப்பிடி ஒரு ஸ்கோர் வரி அதுக்கு முந்தி வந்ததில்லை.

முரளிதரன் விக்கெட் எடுத்தால் நாங்களும் துள்ளினனாங்கள். கிண்ணம் வெண்ட இரவும் சந்தோசம்தான். ஆனால் ஒரு மாசத்தில எங்கட ஊருக்கு ஆமி வந்திட்டுது, திரும்பவும் மூட்டை கட்டினம். ஒரு தமிழன் அந்த அணியில இருந்ததால எங்கட வாழ்க்கையில ஒண்டும் மாறேல்லை. அதுக்கு முரளியில பிழை இல்லை. ஒரு அணியிட்ட கேக்கக்கூடாததை நாங்கள் கேட்டிட்டம் எண்டுதான் இப்ப நினைக்கிறன். நெடுங்கரை அண்ணை, மேற்கிந்தியத்தில ஒரு தீவு இன்னொரு தீவுக்கு மேல குண்டு போடேல்லை. அது பெரிய வித்தியாசம்.

கணக்கர் | புதன், காலை 7:15

தென்மராட்சியான், படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

நான் ஆரம்பத்தில் அணிக்குப் பணப் பிரச்சினை இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது தவறு. கிரிக்கெட் வாரியத்துக்குப் பங்குதாரர்கள் ஆறு பேர்: பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட், லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள். பெரியவர் சின்னவர் பார்க்காமல் ஆளுக்கு இரண்டு இயக்குநர். கூட்டாட்சியில் இடம் போதவில்லை என்று அழுத ஜமைக்கா இங்கே சமபங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் 2014ல் சம்பளத் தகராறில் வீரர்கள் தர்மசாலாவோடு இந்தியப் பயணத்தை முறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியதும் நம் கண்முன் நடந்ததுதான். அப்புறம் கரீபியன் நாட்டுத் தலைவர்கள் குழு போட்டு, வாரியத்தைக் கலையுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். வாரியம் கேட்கவில்லை.

இன்னொன்றும் தேடிப் பார்த்தேன். 1981ல் இங்கிலாந்து அணியில் ராபின் ஜாக்மன் வந்தார், அப்போது நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவோடு தொடர்பு உள்ளவர். கயானா அரசு அவருடைய அனுமதியை ரத்து செய்ய, அந்த டெஸ்டே நடக்கவில்லை. மிச்சத் தொடர் என்ன ஆகும் என்று முடிவு செய்ய அடுத்து ஆட்டம் நடத்தவிருந்த நாடுகளின் அரசுகள் கூடிப் பேச வேண்டியதாயிற்று. வேறு எந்த விஷயத்துக்கு அவ்வளவு அவசரமாகக் கூடியிருப்பார்கள்? அண்ணே, உங்கள் பக்கத்துக்கு இது ஒரு புள்ளி.

நெடுங்கரை | புதன், இரவு 9:30

தென்மராட்சியான், நீங்கள் சொன்னது சரி. நான் கேள்வியைப் பெரிதாகக் கேட்டுவிட்டேன். உயிர்ப் பயம் இருக்கிற இடத்தில் அணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

கூட்டாட்சியின் தலைநகராக டிரினிடாடில் சகுவராமஸ் என்ற இடத்தைக் கேட்டார்கள். அங்கே அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்ததால் அது கிடைக்கவே இல்லை. 1973 ஜூலை 4 அன்று பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட் நான்கும் கரீபியன் சமூகத்துக்கு ஒப்பந்தம் போட்டது அதே சகுவராமஸில். இந்த முறை நாடாளுமன்றம் கேட்கவில்லை, ஒரே கொடி கேட்கவில்லை. வணிகம், படிப்பு, உடல்நலம் என்று வேலை வேலையாகச் சேர்ந்தார்கள். கயானாவும் உள்ளே. இன்னும் ஓடுகிறது, மெதுவாக. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பார்படாஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் நான்கும் தங்களுக்குள் யாரும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம் என்று திறந்திருக்கின்றன. கப்பல்காரர் அண்ணன் சொன்ன சமையற்காரரின் டிரினிடாட் அந்த நாலில் இல்லை.

வொரல் ஜமைக்காவில் செனட்டராகவும் இருந்தார். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு வேலை பார்த்தார். கூட்டாட்சியோடு சாகாத இன்னொரு பொதுச்சொத்து அந்தப் பல்கலைக்கழகம். 42 வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். பார்படாஸில் பிறந்து, ஜமைக்காவில் வாழ்ந்து, டிரினிடாடிலும் வேலை பார்த்தவர். அவருக்கு எது சொந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தென்மராட்சியான் | வியாழன், காலை 5:55

அண்ணை, நீங்கள் கேள்வி கேட்டது பிழை இல்லை. நான் இந்த இழையை விட்டுப் போகாததுக்கும் ஒரு காரணம் இருக்கு.

இஞ்ச ரொறன்ரோவில சனிக்கிழமையில பதின்மூண்டு வயசுக்குக் கீழான பெடியளுக்குக் கிரிக்கெட் பழக்கிறன். எங்கட பெடியள் ஆறு, சிங்களப் பெடியள் மூண்டு, மிச்சம் கயானா. அம்பயர் நிக்கிறவர் ஒரு கயானாப் பெடியன்ர தாத்தா, கன்ஹாய் ஆடினதை நேர பாத்தவராம். போன கிழமை ஊரில இருந்து வந்து ஒரு வருசமாகாத ரெண்டு பேர் சேர்ந்து துடுப்பெடுத்தாடினவை. எங்கட பெடியன் “ஓடு, ஓடு” எண்டு கத்திறான். மற்றவன் “எப்பா, எப்பா” எண்டு கையைக் காட்டிறான். சிங்களத்தில ‘வேண்டாம்’ எண்டு அர்த்தம். இவனுக்கு அது விளங்கேல்லை. கடைசியில ரெண்டு பேரும் ஒரே முனையில நிக்கினம். ஆட்டமிழந்தவன் அழுதுகொண்டு போனவன், மற்றவன் அவனுக்குப் பின்னால துடுப்பைத் தூக்கிக்கொண்டு போனவன்.

பூங்குழலி தங்கச்சி, அந்தக் கொரியச் சொற்பட்டியல் எப்பிடி இருந்தது எண்டு கொஞ்சம் விபரமாய் எழுதுவீங்களோ? ஒரு மட்டையில மூண்டு பாசையிலயும் எழுதி உடுப்பு மாத்திற அறையில ஒட்டப்போறன். ‘ஓடு’, ‘வேண்டாம்’, ‘நில்’, ‘என்ர பந்து’. இப்போதைக்கு இந்த நாலும்தான் யோசிச்சு வைச்சிருக்கிறன். சனிக்கிழமைக்கு முந்தி வேணும்.